கேள்வி ஓடிக்கொண்டிருந்த ஊர்

இந்த ஊரில் யாரும் முழுதாகச் செத்ததில்லை. 'மரணத்தை வென்ற ஊர்' என்று பேருந்து நிலையத்து வளைவில் ஆளுயர எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால், இந்தச் சலுகை குடிநீர் இணைப்பு வாங்கியவர்களுக்கு மட்டும்தான். லாரித் தண்ணீர் பிடித்தவர்களும், பக்கத்து வீட்டில் வாளியோடு போய் நின்றவர்களும் மற்ற ஊர்க்காரர்களைப் போலவே செத்தார்கள்; செத்த பிறகு திரும்பி வரவும் இல்லை. வளைவில் அதையும் எழுத இடம் இருந்தது, ஆனால் அந்த இடத்தில் பெரிய அதிகாரியின் படம் வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மூலம் குடிநீர் அலுவலகத்தின் அட்டவணைகள். அலுவலகத்துக்குக் கணினி வந்த புதிதில், ஊரில் குழாய் வைத்திருக்கும் எல்லாரையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடலாம் என்றுதான் கணினிக்காரர் சொன்னார். வார்டு மேற்பார்வையாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க வார்டு ஆளுங்களை மூணாம் வார்டுக்காரனோட ஒரே டேபிள்ல போட்டா, நாளைக்கு அவன் எங்க தண்ணியையும் சேர்த்துக் கேப்பான். அவங்க டேபிள் அவங்களுக்கு, எங்க டேபிள் எங்களுக்கு" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். மூன்றாம் வார்டுக்காரர் அதைவிடப் பலமாகத் தட்டினார். கணினிக்காரருக்குப் பிள்ளைகுட்டி இருந்தது. வார்டுக்கு ஒரு அட்டவணை என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும், அதாவது சாதாரணமாகச் செத்திருக்கும். ஆனால் புதிதாக வந்த ஒவ்வொரு பெரிய அதிகாரியும், முன்னால் இருந்தவர் அட்டவணையில் கை வைத்தால் அவர் செய்த தப்பெல்லாம் தன் தலையில் விடியும் என்று பயந்து, எல்லா வார்டு அட்டவணைகளையும் அப்படியே படியெடுத்துத் தனக்கென்று ஒரு தொகுதி வைத்துக்கொண்டார். வந்ததற்கு அடையாளம் வேண்டுமே என்று ஆளுக்கொரு மாற்றமும் செய்தார். ஒருவர் வீட்டு எண்ணை முன்னால் கொண்டுவந்தார். ஒருவர் வயதைச் சேர்த்தார். அட்டவணையில் மேலிருந்து கீழே ஓடும் பத்திகள் மேல் ஆசை கொண்ட ஒருவர், இணைப்புதாரருக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று பொறுப்பாளர் பெயருக்கு ஒரு பத்தி போட்டார். அடுத்தவர் வந்ததும் முதல் வேலையாக அதை விட்டுவிட்டார். பழையவற்றை அழிக்கவும் வழியில்லை. உண்டாக்கியவர் கையெழுத்துப் போட்டால்தான் அழிக்கலாம் என்று விதி. உண்டாக்கியவர்கள் மாற்றலாகி, ஓய்வு பெற்று, சிலர் மேலுலகத்துக்கே போயிருந்தார்கள். இப்படி அட்டவணைகள் ஒரே வயிற்றில் பிறந்த பங்காளிகளைப் போல முகஜாடை ஒன்று, குணம் வேறாகப் பெருகிக் கிடந்தன. ஒருவர் இறந்தால், குமாஸ்தா நடப்பு அதிகாரியின் அட்டவணையில் மட்டும் அவரை அடித்துவிடுவார். மற்றவர்களுடைய அட்டவணையைத் தொடுவது மரியாதை இல்லை. எனவே செத்தவர் ஒன்றில் செத்து, மீதி நாலைந்தில் தன் அரை அங்குலக் குழாயோடு நல்ல சுகமாக இருந்தார்.

ஊரில் மொத்தம் எத்தனை குழாய் என்று யாருக்கும் தெரியாது. அதிகாரிகள் மேடையின் உயரத்தைப் பார்த்து ஒரு தொகை சொல்வார்கள். இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலிடம் ஒரே ஒரு மொத்தம் கேட்டது. அதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவள்தான் ஊரெல்லாம் கேள்விக்காரி என்று சொல்லும் பெண். முகத்துக்கு நேரே கேள்வி மேடம் என்பார்கள். அட்டவணைகளிடம் கேட்க வேண்டியதை அவற்றின் பாஷையில் எழுதிக் கேட்பது அவள் வேலை. ஒரு அட்டவணை என்றால் ஒரு வரியில் முடிந்திருக்கும். இங்கே ஒவ்வொன்றின் கதவையும் தட்டி, இதில் பெயர் எங்கே, அதில் வீட்டு எண் எங்கே என்று குணம் பார்த்து விசாரித்து, இதோடு இதையும் சேர், அதோடு அதையும் சேர் என்று அவள் எழுதிய கேள்வி, அச்சிட்டபோது அவளுடைய புடவையைவிட நீளமாக இருந்தது. காலையில் ஓடவிட்டாள். சாப்பாட்டு நேரம் வரை ஓடியது. நடுவில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் விசை எதையும் தட்டாமல் இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொண்டு கேள்வியையும் கொன்றுவிடும். முந்தைய அதிகாரி பாதுகாப்பு என்று பெருமையாகச் செய்துவிட்டுப் போன ஏற்பாடு அது.

அன்று காலை, தண்ணீர்த் தொட்டித் தெருவில், இறந்து ஒரு வருஷமான தையல்காரர் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மருமகள், அழுகை வெங்காயத்தாலா என்று தெரியாமல், "மாமா, நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவர் தன் பெயரைச் சொன்னார், தந்தை பெயரின் முதலெழுத்தைச் சொன்னார், கதவு எண்ணைச் சொன்னார், அரை அங்குலம் என்றார். அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை. அதே நேரத்தில் ஊரின் பல வீடுகளில் செத்தவர்கள் வந்து தண்ணீர் குடித்து உட்கார்ந்திருந்தார்கள். எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டி ஓரமும் புடவை ஓரமும் மட்டும் ஈரமாக இருந்தன, எத்தனை முறை பிழிந்தாலும். அலுவலகத்தில் கேள்விக்குப் பதில் வந்த நொடியில், சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு எல்லாரும் எழுந்து போனார்கள். ஊர் முழுக்கத் திறந்திருந்த குழாய்கள் ஒன்றாக நின்றன. அந்த அமைதியைக் கேட்டு நாய்கள்கூடக் குரைக்கவில்லை.

பதிலாக வந்த தொகையில் குழாய்கள் வீடுகளைவிட அதிகமாக இருந்தன. வளர்ச்சி என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினார் அதிகாரி. மேலிடத்துக்கு அந்தத் தொகை பிடித்துப்போய், மாதம் ஒருமுறை வேண்டும் என்றது. ஆகவே மாதம் ஒருமுறை கேள்வி ஓடியது, மாதம் ஒருமுறை அவர்கள் வந்தார்கள். முதல் மாதம் அலறியவர்கள் மூன்றாம் மாதம் நாற்காலி துடைத்து வைத்தார்கள். அலுவலகத்துக்குத் தொலைபேசி வர ஆரம்பித்தது.

"மேடம், இன்னைக்கு ஓட்டுவீங்களா? எங்கப்பாகிட்ட பீரோ சாவி எங்க வச்சார்னு கேக்கணும்."

"டேபிள்ல சாவி இல்லைங்க. குழாய் சைஸ் வேணா கேளுங்க, சொல்வார்."

"அது எங்களுக்கே தெரியும் மேடம். உயிரோட இருந்தப்பவும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தார்."

பெரிய அதிகாரி இதற்கு 'நீத்தார் வருகைத் திட்டம்' என்று பெயர் வைத்தார். தான் நெடுநாள் சிந்தித்துக் கொண்டுவந்தது என்று பேட்டி கொடுத்தார். வளைவு அப்போது கட்டியதுதான்.

கேள்விக்காரியின் கணவர் அதே அலுவலகத்தில் மீட்டர் பார்த்தவர். அவள் வேலைக்கு வருவதற்குச் சில வருஷங்கள் முன்னால், ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டார். அவர்கள் வீடு இரண்டு வார்டுகளின் எல்லைக்கோட்டில் இருந்ததால், எல்லை மாறும்போதெல்லாம் அவரை ஒரு அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்கு எழுதினார்கள்; பழையதில் அடிக்க மறந்தார்கள். கேள்வி ஓடும் நாளில் அந்த வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் அவர்தான். முதலாமவர் மிகப் பழைய அட்டவணையிலிருந்து வந்தவர். கல்யாணம் ஆகாதவர், தலை நிறைய முடியோடு, கல்லூரியில் படிக்கும் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக, அவளைக் கண்டதும் கூச்சப்பட்டு நாற்காலி நுனியில் உட்காருவார். இரண்டாமவருக்குத் தட்டச்சு செய்தவர் யாரோ ஒருவரின் தந்தை எழுத்தைப் போட்டிருந்தார்; அதனால் முகம் அவருடையதாகவும் முகவாய் வேறு குடும்பத்துடையதாகவும் இருக்கும். மூன்றாமவர் பத்திப் பிரியரான அதிகாரி காலத்து ஆள். பொறுப்பாளர் என்ற பத்தியில் மனைவியின் பெயர் இருந்தது. அவருக்கு மட்டும் அவளைத் தெரியும். மகள் அவரைப் 'பேர் தெரிஞ்சவர்' என்பாள். அப்பா என்று சொல்லிப் பார்த்தாள். மூன்று பேரும் திரும்பாததால் விட்டுவிட்டாள்.

கேள்விக்காரி அவரைப் பார்த்ததில்லை. கேள்வி ஓடும்போது அவள் அதன் முன்னால் உட்கார்ந்து விசை தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவள் எழுந்தால் அவர் போய்விடுவார். ஊரில் செத்தவர்களைப் பார்க்காத ஒரே வீட்டுக்காரி, அவர்களை வரவழைக்கிறவள்தான். மகள் வீட்டிலிருந்து பேசுவாள். இவள் ஒரு கையில் தொலைபேசியும் ஒரு விரல் விசைப்பலகையின் நீளக்கட்டையிலுமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"வந்துட்டாங்கம்மா. மூணு பேரும்."

"பேர் தெரிஞ்சவர் என்ன பண்றார்?"

"தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருக்கார். உன் பேரைச் சொன்னார்."

"எப்படிச் சொன்னார்?"

"எப்படின்னா? டேபிள்ல இருக்கற மாதிரிதான். இனிஷியலோட. ரேஷன் கடையில கூப்பிடுவாங்களே, அப்படி."

"உன்னைப் பார்த்தாரா?"

"பார்த்தார். யார் வேணும் உங்களுக்குன்னு கேட்டார்."

மகளுக்கு எந்த அட்டவணையிலும் பத்தி இல்லை.

விசை தட்ட வேறு ஆள் வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் கேள்வி நாளில் அலுவலகத்தில் ஆள் இருப்பதில்லை. குமாஸ்தாவுக்கு அம்மா வருவாள், காவலாளிக்கு அண்ணன் வருவான், வார்டு மேற்பார்வையாளர்களுக்கு அவரவர் வார்டுக் கௌரவத்துக்கு ஏற்றபடி கூட்டமாக வருவார்கள். மிஞ்சுவது பெரிய அதிகாரி ஒருவர்தான். வெளியூர்க்காரர், இங்கே அவருக்குச் செத்தவர்கள் கிடையாது. அவரிடம் கேட்டாள். "நான் வந்து கட்டையைத் தட்டறதா? என் பதவி என்னன்னு தெரியும்ல?" என்றார். அவருடைய மேசையில் இருந்த கணினிக்கு அவர் வந்த நாளிலிருந்து ஒரு பூப்போட்ட உறை போட்டிருந்தது.

இந்த நிலையில்தான் கழுத்தில் டை கட்டிய ஒருங்கிணைப்பு நிபுணர் ஒருவரை மேலிடம் அனுப்பிவைத்தது. அவர் எல்லா அட்டவணைகளையும் பார்த்து மூன்று நாள் தலைவலியில் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்து, இனி ஊருக்கே ஒரே அட்டவணை என்றார். ஒரே ஆள் பல இடத்தில் இருந்தால், கடைசியாக எழுதப்பட்டது எதுவோ அதுதான் நிற்கும், மற்றவை போய்விடும். கடைசியாக எழுதப்பட்டதில் செத்தவர்கள் செத்திருந்தார்கள். "அப்புறம் கேள்வி எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேள்விக்காரி கேட்டாள். நிபுணர் விரலைச் சொடுக்கிக் காட்டினார். அன்றைக்கு மகளிடம் சொன்னாள்: "ஒரே ஒரு தடவை எதிர உக்காரணும்டி. வேற எதுவும் வேணாம். ஒரு தடவை."

பெரிய அதிகாரிக்கு நிபுணரின் யோசனை பிடித்திருந்தது. செத்தவர்களை வரவழைத்தவர் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. அவர்களை அடக்கியவர் என்ற பெயரும் சேர்ந்தால் வளைவுக்கு எதிரே இன்னொரு வளைவு கட்டலாம். அழிப்பதற்கு முன்னால் பழைய அட்டவணைகள் எல்லாவற்றிடமும் கடைசியாக ஒரு பெருங்கேள்வி கேட்பது, அதைத் தன் கையாலேயே தொடங்கிவைப்பது, பதில் வந்ததும் ஒரே அட்டவணைக்கு மாறுவது என்று விழா ஏற்பாடானது. கணினியின் உறை கழற்றப்பட்டது. கேள்வியை எழுதித் தரச் சொல்லி அவளிடம் உத்தரவு வந்தது.

இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை செய்துவிட்டுத் திட்டு வாங்கும் தவறு ஒன்று உண்டு. பேருந்து நிலையத்தில் நிற்பவர்களை எண்ணச் சொன்னால் வரிசையாக நிற்கவைத்து எண்ணலாம். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அல்லது, அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் கைகுலுக்கி முடிக்கட்டும், அந்தக் கைகுலுக்கல்களை எண்ணலாம் என்று சொல்லிவிட்டால், கடைசிப் பேருந்து போன பிறகும், பேருந்துகளே துருப்பிடித்த பிறகும் முடியாது. யார் யாரோடு சேர வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை எழுத மறந்தால் அட்டவணைகள் இந்த இரண்டாவது வழியில் இறங்கிவிடும். கேள்விக்காரி அந்த நிபந்தனையை மறக்கவில்லை. எழுதி, படித்துப் பார்த்து, நிதானமாக எடுத்துவிட்டாள்.

விழாவில் நிபுணர் இருந்தார், வார்டு மேற்பார்வையாளர்கள் வார்டு வாரியாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள், படமெடுப்பவர்கள் இருந்தார்கள். பெரிய அதிகாரி நாற்காலியில் அமர்ந்து, விசையைத் தட்டி, கைதட்டல் ஓய்ந்ததும், யாரும் கேட்காமலே ஒரு சபதம் செய்தார். "இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை இந்த நாற்காலியிலிருந்து எழமாட்டேன்." அதற்கும் கைதட்டினார்கள்.

"சார், நடுநடுவுல இந்த நீளக்கட்டையைத் தட்டிக்கிட்டே இருக்கணும். விட்டுட்டா போயிடும்" என்று அவள் காதோடு சொன்னாள்.

"தட்டறதுதானே? கேள்வி கேக்கத்தான் படிப்பு வேணும். தட்டறதுக்குப் பதவி போதும். நீ போம்மா."

போனாள். ஆட்டோ கிடைக்கவில்லை என்று நடந்தாள், பிறகு ஓடினாள். வழியெல்லாம் வீடுகளுக்குள் குழாய்கள் திறக்கும் சத்தம் அவள் கூடவே வந்தது. மகள் கதவைத் திறந்தாள். மூன்று பேரும் இருந்தார்கள். ஆனால் கேள்வி எப்படியோ அப்படித்தான் வருகையும் இருந்தது: மூன்று பேர் பக்கத்திலும் முன்பின் தெரியாத ஒவ்வொருவர் உட்கார்ந்திருந்தார்கள். பேர் தெரிந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார், ஐந்தாம் வார்டில் இறந்த ஒரு அரிசிக் கடைக்காரர். குலுக்கி முடித்து அவர் எழுந்து போக, ஓய்வு பெற்றுச் செத்த ஒரு பள்ளி ஆசிரியை வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். கணவர் அவளைப் பார்த்தார். அவள் பெயரை முதலெழுத்தோடு சொன்னார். "பொறுப்பாளர்" என்றார். "மனைவி" என்றார். அவரிடம் இருந்தது அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அவரிடம் கேட்கச் சேர்த்துவைத்ததில் ஒன்றுக்குக்கூட அவரிடம் பத்தி இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. வேலையில் நுழைந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம்தான். வீட்டில் அது வேறு மாதிரி இருந்தது.

பதில் இல்லாதவரிடம் கேட்டுப் பயனில்லை என்று, அவள் தானே அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள். "என்னங்க, இது யார் தெரியுதா? நம்ம பொண்ணு. நீங்க போனப்ப பாவாடையில இருந்தா." மகளுக்கு என்ன பிடிக்கும், எந்தப் பாடத்தில் தோற்றாள், யாரோடு பேசுவதில்லை என்று சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பள்ளி ஆசிரியையும் கேட்டுக்கொண்டிருந்தார். சங்கடம் சாயங்காலம்தான் தெரிந்தது. கைகுலுக்க வந்தவர்கள் அங்கே கேட்டதை அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில் கைகுலுக்கும்போது சொல்லிக்கொண்டு போனார்கள். மகள் கணக்கில் தோற்றது இருட்டுவதற்குள் எட்டு வார்டுகளுக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் கடைத்தெருவில் யாரோ துக்கம் விசாரித்தார்கள். "செத்தவங்க வாய்க்கு இவ்வளவு நீளம் இருக்கும்னு தெரியாம போச்சு" என்று மகள் ஒரு வாரம் வெளியே போகவில்லை. அதன் பிறகு கேள்விக்காரி அவர் காதருகே குனிந்து, உதடு மட்டும் அசையப் பேசப் பழகிக்கொண்டாள்.

பதில் வரவில்லை. அன்றும் வரவில்லை, அந்த மாதமும் வரவில்லை. அதிகாரி சபதம் செய்தபடி எழவில்லை. சாப்பாடு நாற்காலிக்கே வந்தது, தூக்கத்திலும் விரல் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது. மற்ற வசதிகளுக்கு நாற்காலியின் அடியில் ஓட்டை போட்டுத் தச்சர் ஒரு ஏற்பாடு செய்தார், அதைப் பற்றி அலுவலகக் குறிப்பில் 'சிறு மாறுதல்' என்று மட்டும் இருக்கிறது. அவரை மாற்றி உத்தரவு வந்தது. எழ முடியாது என்று பதில் போனது. அவருக்கு ஓய்வு வயது வந்தது. நாற்காலியோடு ஓய்வு பெற்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதே அறையின் மூலையில் ஸ்டூல் போட்டு நிர்வாகம் பார்த்தார்கள். கேள்வி முடியாமல் அட்டவணைகளைத் தொடக்கூடாது என்பதால் ஒருங்கிணைப்பும் நின்றது. டை கட்டிய நிபுணர் விடுதியில் காத்திருந்து, காத்திருந்து, ஒரு நாள் டையைக் கழற்றிவிட்டுப் பேருந்து நிலையத்தின் எதிரே தண்ணீர் வடிகட்டி விற்கும் கடை வைத்தார். செத்தவர்கள் நிறையக் குடித்ததால் கடை நன்றாக ஓடியது.

வீடுகளில் அவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். ஈர ஓரங்களுக்காக எல்லா வீட்டிலும் வாசலில் சாக்கு போட்டார்கள். இரவில் விளக்கணைத்த பிறகும் கூடத்தில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக் குலுக்கும் மெல்லிய சத்தம் கேட்கும். பிள்ளைகள் அது இல்லாமல் தூங்கமாட்டோம் என்றார்கள். கேள்விக்காரியின் வீட்டில் இளையவர் அப்படியே இளைஞராக இருக்க, மகள் வளர்ந்து, அவர் வயதைத் தொட்டு, தாண்டிப் போனாள். ஒரு கட்டத்தில் அவரை வாடா போடா என்று கூப்பிட ஆரம்பித்தாள். வேறு முகவாய்க்காரர் ஒரு மூலையில் இருந்தார். அவர்மேல் யாருக்கும் குறை இல்லை. பேர் தெரிந்தவர் சொன்னதையெல்லாம் எங்கோ சேர்த்துவைத்தாரோ என்னவோ, ஒரு நாள் மகள் வேலைக்குக் கிளம்பும்போது அவள் பெயரைச் சொன்னார். முதலெழுத்து இல்லாமல் சொன்னார். மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கத்தில் கைகுலுக்கிக்கொண்டிருந்த யாரோ ஒரு செத்த தபால்காரர், நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவ்வளவு வருஷமும் கேள்விக்காரி அதிகாரி இருந்த அறைக்குள் போகவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். கேள்வி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் பயம். கதவுக்கு வெளியே நின்று கட்டை தட்டும் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காலையில் கேட்டுவிட்டுப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காதருகே குனிந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது, கணவர் பாதியில் எழுந்து நின்றார். பதில் வந்த முதல் நாளில் எல்லாரும் எழுந்தது அப்படித்தான் என்று கேட்டிருக்கிறாள். அவள் அவரைப் பிடிக்கவில்லை, பிடிக்க நேரமில்லை என்று நினைத்தாள். செருப்புப் போடாமல் தெருவில் ஓடினாள். எந்த வீட்டில் குழாய்ச் சத்தம் நின்றது, எந்த வீட்டில் இன்னும் கேட்கிறது என்று பிரித்தறிய முடியாத வேகத்தில் ஓடி, அலுவலகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். பெரிய அதிகாரி, தாடி மார்பு வரை வளர்ந்து, ஒரு விரலால் நீளக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் முதன்முறையாக அவர் பக்கம் போய்த் திரையைப் பார்த்தாள்.

திரையின் நடுவே சிவப்பு எழுத்தில், அந்தத் தொழில்காரர்களுக்கு மட்டும் புரிகிற பாஷையில் ஒரு வாசகம் இருந்தது. இடம் போதவில்லை, கேள்வி கைவிடப்பட்டது. கீழே நாள் இருந்தது. விழா நடந்த அதே நாள், அவள் வீட்டில் பள்ளி ஆசிரியை உட்கார்ந்திருந்த அதே மாலை. கைகுலுக்கல்களைக் குறித்துவைக்கக் கணினிக்கு இடம் வேண்டும் என்பதை அவள் யோசிக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறின் இரண்டாவது பாதி அது. கேள்வி அன்றைக்கே செத்துவிட்டது. ஆனால் பதில் வந்தால்தான், இல்லையென்றால் திரை பூட்டிக்கொண்டால்தான் அவர்கள் போவார்கள். பதில் வரவில்லை, பிழைதான் வந்தது. போகச் சொல்லி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

வாசகத்தின் கீழே 'சரி' என்று ஒரு பொத்தான், அழுத்துவதற்காகக் காத்திருந்தது.

"என்னம்மா, முடியப்போகுதா?" என்றார் அதிகாரி. "கீழே ஒண்ணு மினுக்கிக்கிட்டே இருக்கு. அதை அழுத்தணுமா?"

"வேணாம் சார்." அவசரமாகச் சொன்னாள். "அதைத் தொடவே தொடாதீங்க. நீங்க இப்படியே தட்டிக்கிட்டு இருங்க. நல்லாத் தட்டறீங்க."

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்மா" என்றார் அவர்.

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் குழாயடியில் நின்றிருந்தார். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கைகுலுக்க வருபவர்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார்கள். அவள் எதிரே உட்கார்ந்தாள். செத்தவர்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். குடிநீர் வாரியம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் விடுகிறது.

பெரிய அதிகாரியிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. திரையில் இருந்த சிவப்பு வாசகம் தன்னை வாழ்த்துவதற்காக மேலிடம் அனுப்பியது என்று அவர் நினைத்திருந்தார். விழாவுக்கு மறுநாளிலிருந்து தினமும் காலையில் பல் துலக்கியதும் அதற்கு ஒரு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.